எட்டுப் பையன்களும் ஒரு சங்கிலியும்



கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளை ஆரணி ஆற்றங்கரைப் பக்கம் ஒரு தோப்பில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்க வைக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அதற்கு வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். "பாம்பு வந்தால் யார் பொறுப்பு?" என்பதில் ஆரம்பித்து "பார்பிக்யூ உண்டா?" என்பது வரை எல்லாம் வந்துவிட்டது. அவற்றில் ஒரு அம்மா கேட்ட கேள்வி என் மனதில் நின்றது. "அறிவியல் முகாம் என்று போட்டிருக்கிறீர்களே, லேப் இல்லாத இடத்தில் பிள்ளைகள் என்ன அறிவியல் செய்வார்கள்?"

நியாயமான கேள்வி. நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அறிவியல் ஆசிரியர் இல்லை. ஆனால் பழைய சென்னையைப் பற்றிப் படிப்பது என் பொழுதுபோக்கு. இந்தக் கேள்விக்கு 1794-லேயே சென்னையில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

இப்போது எழும்பூர் ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு சிறு கோட்டை இருந்தது. அதில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்றைக் கம்பெனியார் நடத்தினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிள்ளைகள். பெரும்பாலானோருக்குத் தாய் இந்தியப் பெண். அப்பா போரில் செத்திருப்பார், அல்லது கப்பலேறிப் போயிருப்பார். 1789-ல் இந்த விடுதிக்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். நம் வீடுகளில் தாத்தாக்கள் 'அ' எழுதப் பழகியது இப்படித்தான். பெல்லுக்கு அது புதுசு. தன் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுச் சின்ன வகுப்பை அவன் கையில் கொடுத்தார். அவன் சொல்லிக் கொடுத்துவிட்டான்! பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த முறைதான் பிறகு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர்.

அந்த விடுதிப் பையன்களில் வில்லியம் ஸ்மித் என்று ஒருவன். வயது 17. 1792 உடன்படிக்கைப்படி பிணையாகச் சென்னையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் இரண்டு மகன்களை 1794-ல் திருப்பி ஒப்படைத்தார்கள். கேப்டன் டவ்டன் தலைமையில் அவர்களைத் தேவனஹள்ளிக்கு அழைத்துச் சென்ற கூட்டத்தில் ஸ்மித்தும் போனான். எதற்கு? இயற்பியல் சோதனைக் கருவிகளைக் கொண்டுபோய் திப்புவின் முன்னால் செய்து காட்டுவதற்கு. விடுதியில் பெல் சொல்லிக் கொடுத்த சோதனைகளை அந்தப் பையன் மைசூர் சுல்தானுக்கே வரிசையாகச் செய்து காட்டினான். எத்தனையோ நாள் மாட்டுவண்டியிலும் குதிரையிலும் போய், கூடாரத்தில் தங்கி, கருவி உடையாமல் கொண்டு சேர்த்து, சபையில் நடுங்காமல் நின்று செய்திருக்கிறான். நம் பிள்ளைகள் ஸ்கூல் எக்சிபிஷனுக்குத் தெர்மோகோல் மாடலை ஆட்டோவில் கொண்டுபோகும்போது நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

இது ஒரு பையனின் கதை. அதே ஆண்டு நடந்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரிது.

மைக்கேல் டாப்பிங் என்பவர் அப்போது கம்பெனியின் சர்வேயர். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் வானாய்வுக் கூடம் கட்டியவரும் அவர்தான். கம்பெனியின் நிலப்பரப்பு கூடிக்கொண்டே போகிறது. அளப்பதற்கு ஆள் இல்லை. இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டுவந்தால் சம்பளம் அதிகம், வந்தவர்கள் வெயிலிலும் காய்ச்சலிலும் விழுந்துவிடுகிறார்கள். டாப்பிங் பையன்களைப் பிடித்தார். 1794 மே 17 அன்று, எட்டு மாணவர்களுடன், சர்வே பள்ளி தொடங்கியது. முதலில் வந்தவர்கள் எழும்பூர் விடுதிப் பையன்கள்தான். அந்தப் பள்ளிதான் வளர்ந்து, 1859-ல் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்கு இடம் மாறியது. உங்கள் வீட்டில் யாராவது அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்திருந்தால், அவர்களுடைய முதல் சீனியர்கள் இந்த எட்டுப் பேர்.

அவர்கள் படித்த விதம் என்ன? கொஞ்ச நாள் வானாய்வுக் கூடத்தில் கணக்கும் வரைபடமும். பிறகு வெளியே, கையில் கருவியோடு. நில அளவை என்றால் பகலெல்லாம் வயலிலும் புதரிலும் நடப்பது, சங்கிலி பிடிப்பது, திசைகாட்டி வைத்துக் கோணம் எடுப்பது, மாலையில் கூடாரத்துக்குத் திரும்பி, வெளிச்சம் போவதற்குள் அன்றைய அளவுகளைத் தாளில் கோடாக இழுப்பது, இரவில் நட்சத்திரம் பார்த்து எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்று கணக்குப் போடுவது. மாதக்கணக்கில் இதுதான் வாழ்க்கை. லேப் என்று ஒன்று கிடையாது. பூமிதான் லேப்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் கணக்கு நேர்மையாக இருக்காது. இது கருணையால் நடந்த காரியம் இல்லை. 1791-லும் 1795-லும் கம்பெனி போட்ட உத்தரவுகளால், இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்கு நல்ல பதவிகளின் கதவு மூடப்பட்டது. ராணுவத்தில்கூட மேளம் அடிக்கவும் குதிரைக்கு லாடம் கட்டவும்தான் சேரலாம். போக வேறு இடம் இல்லாத பிள்ளைகள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள், அவ்வளவுதான். இன்றைய கண்ணால் பார்த்தால் குழந்தைத் தொழிலாளர் என்றே சொல்ல வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேறொன்றும் உண்மை: அந்தப் பையன்கள் எடுத்த அளவு வீணாகப் போகவில்லை. அவர்கள் எழுதிய எண்ணை நம்பி வரைபடம் போட்டார்கள், வரி போட்டார்கள், சாலை போட்டார்கள். தப்பாக எழுதினால் ஒரு ஊரே இடம் மாறிப் போகும். பதினான்கு, பதினைந்து வயதில் அந்தப் பொறுப்பு.

அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஒருவரை உங்களுக்குத் தெரியும், பெயர் தெரியாமல். கொடைக்கானல் போனவர்கள் 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்பவர் முதன்முதலில் மேலே ஏறி அந்த மலையை அளந்தார் என்று எங்காவது படித்திருப்பீர்கள். பெஞ்சமின் ஸ்வெயின் வார்டு இந்த சர்வே பள்ளியில் பையனாகச் சேர்ந்தவர். காலின் மெக்கன்சியின் மைசூர் சர்வேயில் உதவியாளராக இருந்து, பிறகு கானர் என்பவருடன் சேர்ந்து திருவிதாங்கூர், கொச்சி முழுவதையும் அளந்தவர். இன்னொருவர் ஜோஷுவா டி பென்னிங். இவர் போய்ச் சேர்ந்த இடம் வில்லியம் லாம்டனின் கூடாரம்.

லாம்டன் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்தி ஒரு கணக்குப் பார்க்கலாம். என் தொழில் புத்தி.

1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே லாம்டன் ஒரு நேர்கோட்டை அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் முக்கோண சர்வேயின் முதல் கோடு. நீளம் சுமார் ஏழரை மைல், 40,000 அடிக்குக் கொஞ்சம் மேல். அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால். (சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்று சொல்லித் திரும்பிய சங்கிலி அது. அவர் வாங்கியிருந்தால் நம் கதை எப்படிப் போயிருக்குமோ.) ஆக 400 தடவை சங்கிலியை வைத்து எடுக்க வேண்டும். எஃகு வெயிலில் நீளும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் 100 அடிச் சங்கிலி ஒரு அங்குலத்தில் ஏழில் ஒரு பங்கு நீளும். ஒன்றுமில்லாத அளவுதான். அதை 400-ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட ஐந்து அடி! அதனால்தான் சங்கிலிக்கு நிழல் கொடுத்து, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் டிகிரியை எழுதிக்கொண்டார்கள். சித்திரை வெயிலில், பரங்கிமலை வெட்டவெளியில்.

அளந்தது சரியா என்று எப்படித் தெரியும்? அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கோணம் மட்டும் அளந்துகொண்டு பெங்களூர் வரை போனார்கள். அங்கே 1804-ல் இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். அந்தக் கோட்டின் நீளம் முக்கோணக் கணக்குப்படி ஏற்கெனவே தெரியும். இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. வங்கியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். டே புக் டேலி ஆகவில்லை என்றால் ஒரு ரூபாய்க்காக இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்போம். "ஒரு ரூபாய்தானே, நான் போட்டுவிடுகிறேன்" என்று புதிதாகச் சேர்ந்த பையன் சொல்வான். ரூபாய் முக்கியமில்லை தம்பி, எங்கே தப்பு என்று தெரிய வேண்டும் என்று மேனேஜர் சொல்வார். லாம்டனின் கூடாரத்தில் டி பென்னிங் கற்றதும் அதுதான். அந்த அநாதை விடுதி வழி வந்த மனிதர் பின்னாளில் கல்கத்தாவில் அந்த சர்வேயின் கணக்கு அலுவலகத்துக்கே தலைவரானார். 1831-ல் அங்கே கணக்கராகச் சேர்ந்தவர் ராதாநாத் சிக்தர். எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கோடு நாம் சேர்த்துச் சொல்கிற அதே சிக்தர்.

இந்த அளவை நமக்கும் தூரமில்லை. உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சர்வே எண், அதற்குள் உட்பிரிவு, நிலத்தில் உங்கள் பங்கு. ஊருக்குள் நிலம் பேசுகிறவர்கள் இன்னும் சென்ட் கணக்கில்தான் பேசுகிறார்கள். பழைய நில அளவைச் சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஏக்கரில் நூறில் ஒன்று ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று பத்திரம் எழுதும்போது நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்?

டாப்பிங் 1796-ல் இறந்துவிட்டார். பள்ளியும் வானாய்வுக் கூடமும் ஜான் கோல்டிங்ஹாம் கைக்கு வந்தன. இவர் ஒரு வேலை செய்தார், நம் முகாமுக்கு அப்படியே பொருந்தும். கோட்டையிலும் பரங்கிமலையிலும் தினமும் பீரங்கி சுடுவார்கள். 1820, 1821 வாக்கில் கோல்டிங்ஹாம் வானாய்வுக் கூடத்து மாடியில் நின்று, பீரங்கியின் வெளிச்சம் தெரிந்த நொடிக்கும் சத்தம் கேட்ட நொடிக்கும் இடையிலான நேரத்தை நாள் தவறாமல் குறித்தார். தூரம் தெரியும், நேரம் தெரியும். ஒலியின் வேகம் வந்துவிட்டது. மாதத்துக்கு மாதம் அது மாறுவதும் தெரிந்தது. நம் பிள்ளைகளுக்குப் பீரங்கி வேண்டாம். கோடை மழை வந்தால் இடியும் மின்னலும் போதும். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணி, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று போட்டால் எவ்வளவு தூரத்தில் இடித்தது என்று தெரிந்துவிடும். எண்ணுவதைக் கூடாரத்தில் இல்லை, கட்டடத்துக்குள் வந்துவிட்ட பிறகு செய்ய வேண்டும். அதைப் பெற்றோர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். இதில் நம் பிள்ளைகள் எங்கே? சர்வேயில் தமிழர்கள் இருந்தார்கள்: சங்கிலி தூக்க, கொடி பிடிக்க, புதர் வெட்ட. கோணம் எடுக்கும் கருவி வேறு கைகளில் இருந்தது. இது ஒரு நூற்றாண்டு கழித்தும் முழுதாக மாறவில்லை. சாரணர் இயக்கம் 1909-ல் இந்தியாவுக்கு வந்தது. கூடாரம் போடுவது, திசை பார்ப்பது, வரைபடம் வரைவது, கொடியால் சேதி அனுப்புவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஐரோப்பியப் பிள்ளைகளும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளும்தான் சேரலாம். இந்தியப் பையன்களுக்கு இந்த வித்தைகளைச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் புரட்சிக்காரர்களாகிவிடுவார்கள் என்ற பயம் ஆட்சியாளர்களுக்கு இருந்தது. ஆற்றின் அகலத்தை அளக்கத் தெரிந்த பையனைப் பார்த்து ஒரு சாம்ராஜ்யம் பயந்திருக்கிறது! 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியப் பையன்களுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது தாய் இயக்கத்தோடு சேர்ந்தது. பிறகும் பிணக்குகள் இருந்தன. எல்லாம் ஒன்றாகி 'பாரத சாரணர்' என்று ஆனது 1950 நவம்பர் 7-ல்தான். ஆக, கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து நட்சத்திரத்தை அளப்பது நம் பிள்ளைகளுக்குச் சும்மா கிடைத்த உரிமை இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். (ஆரணி என்றால் பட்டுக்குப் பேர்போன ஆரணி என்று நினைத்து நம் பார்சலைத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அனுப்பிவிடும் கூரியர்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி.) நம் ஆறு ஆந்திரத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் ஏரியைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக நம்மைத் தொட்டு, பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டில் முடிகிறது. மே மாதம் மணல்தான் இருக்கும். மழைக்காலத்தில் பிச்சாட்டூரில் திறந்துவிட்டால் கதை வேறு. முகாமைக் கோடையில் வைக்கச் சொன்னது அதனால்தான்.

மணலாக இருக்கும் ஆற்றை டேப் இல்லாமல் அளப்பது எப்படி? எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேர் எதிரே இந்தக் கரையில் ஒரு குச்சி. அங்கிருந்து கரையோரமாக 20 தப்படி நடந்து இரண்டாவது குச்சி. அதே கோட்டில் இன்னும் 20 தப்படி. இப்போது ஆற்றுக்கு முதுகைக் காட்டி நேராக நடக்க வேண்டும், அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி. இரண்டாவது குச்சியும் பனைமரமும் ஒரே வரிசையில் தெரியும் இடத்தில் நில். அப்படி நடந்த தூரம்தான் ஆற்றின் அகலம். இரண்டு முக்கோணங்களும் ஒன்றுக்கொன்று சமம். எட்டாம் வகுப்புக் கணக்குதான். பிறகு டேப்பை எடுத்து மணலில் இறங்கி உண்மையாகவே அளந்து பார்க்கலாம். லாம்டனின் பெங்களூர் கோடு மாதிரி. டேலி ஆகவில்லை என்றால் ஏன் என்று பிள்ளைகளே சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும், பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது.

இரவில் துருவ நட்சத்திரம். சப்தரிஷி மண்டலம் மே மாத முன்னிரவில் வடக்கே நன்றாகத் தெரியும். அதன் முன்னிரண்டு நட்சத்திரங்களை நீட்டிக்கொண்டே போனால் துருவன். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரி சொச்சம். ஆகவே துருவன் அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் இரண்டு விரலும் உயரத்தில் இருக்க வேண்டும். காஷ்மீரில் இருக்கும் பிள்ளைக்கு மூன்று முஷ்டிக்கு மேல். கைக்குள் உலகப்படம் இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அளந்தால் நம்புவார்கள்.

இந்த இரண்டும் விளையாட்டு. மூன்றாவதைத்தான் நான் உண்மையாகவே விரும்பிக் கேட்கிறேன். சர்வே பள்ளிப் பையன்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் புத்தியில் இல்லை. அந்தப் பையன்களின் எண்ணை யாரோ எடுத்துப் பயன்படுத்தினார்கள். நம் பிள்ளைகளின் எண்ணை ரெக்கார்ட் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஆண்டு இறுதியில் பழைய பேப்பருக்குப் போட்டுவிடுகிறோம். முகாம் நடக்கும் தோப்பில் ஒரு திறந்தவெளிக் கிணறு இருக்கிறது. நம் வளாகத்தில் இரண்டு மழைநீர் சேகரிப்புக் கிணறுகள் இருக்கின்றன. மூன்றிலும் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, டி.டி.எஸ். எவ்வளவு என்று பிள்ளைகள் அளக்கட்டும். முகாமில் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தடி நீரைத்தான் சென்னை பல ஆண்டுகளாக உறிஞ்சி வந்திருக்கிறது. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே வந்துவிட்டது எல்லோருக்கும் தெரியும். நம் கிணறு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல நம்மிடம் ஒரு எண்கூட இல்லை. டேங்கர் எத்தனை வேண்டும் என்று பொதுக்குழுவில் ஆளுக்கொரு கணக்குச் சொல்லி வருடா வருடம் குரலை உயர்த்துகிறோம். இந்த அளவைச் சங்கத்தின் பதிவேட்டில், பிள்ளையின் பெயரோடு, தேதியோடு எழுதி, அடுத்த ஆண்டு டேங்கர் ஒப்பந்தம் பேசும்போது செயலாளர் அதை எடுத்துப் படிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். அளக்கும்போது ஒவ்வொரு கிணற்றருகிலும் பெரியவர்கள் இருவர் நிற்போம். கம்பி வலை மூடியைத் திறக்காமல் அதன் இடுக்கு வழியாகக் கயிறு இறக்கலாம்.

கயிறு வாங்கியாகிவிட்டது, 30 மீட்டர் நைலான். நுனியில் கட்ட ஒரு பழைய தராசுப் படிக்கல்லும் இருக்கிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முடிச்சும் ஒவ்வொரு ஐந்தாவது மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணியும் கட்ட வேண்டும். முடிச்சுப் போட்டால் கயிறு குறையும், அதனால் முதலில் முடிச்சு, பிறகு அளவு. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளப் ஹவுஸ் வராந்தாவில் உட்காருகிறேன். வர முடிந்த தாத்தா பாட்டிகள் கண்ணாடியோடு வாருங்கள்.